மலையகத்தில் இருந்துகொண்டே அழகுக்கலை, ஆடை அலங்காரச் சஞ்சிகைகளில் எழுதுவதைத் தொழிலாகக் கொள்ள முடியுமா?

கேள்வி: ஹட்டன் வாசகி

வணக்கம். கடந்த வருடம் கலைப்பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிய நான், இப்போது நகரிலுள்ள ஓர் அழகு நிலையத்தில் உதவியாளராக வேலை செய்கிறேன். அம்மா கொழுந்து பறிக்கிறார். அழகுக்கலை, ஆடை அலங்காரம் பற்றிச் சஞ்சிகைகளில் எழுதுவதே என் விருப்பம். கொழும்பில் குடியேறாமல் இது இயலுமா, எந்தப் படிப்பு உதவும், தமிழில் மட்டும் எழுதிப் பிழைக்கலாமா என்று கேட்டறிய எங்கள் தோட்டத்தில் எவரும் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: பண்டாரவளை அக்கா

தங்கைக்கு, ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தைப் பதினொரு வருடங்கள் தொகுத்தவள் நான். என் மேசைக்கு வந்த அழகுக் குறிப்புகளில் பெரும்பாலானவை கடலை மாவையும் தயிரையும் தாண்டியதில்லை. எங்கோ வாசித்ததை மாற்றி எழுதி அனுப்பியிருப்பார்கள். தாம் வாழும் இடத்தைப் பார்த்து எழுதியவர்களைத்தான் நான் மீண்டும் அழைத்து எழுதச் சொன்னேன்.

உங்களிடம் அத்தகைய விடயங்கள் நிறையவே உள்ளன. ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது; நுவரெலியா நகரமோ 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. குளிர் காற்றில் வெயிலின் சூடு தெரியாமல் நாள் முழுவதும் மலையில் நிற்கும் பெண்களின் கன்னங்களில் மங்கு எனும் கருந்திட்டு படர்வதைப் பற்றி, அவர்களிடமும் ஒரு தோல் மருத்துவரிடமும் கேட்டு எழுதினால், அதை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்.

வெண்மையாக்கும் கிறீம்கள் அதனினும் பெரிய விடயம். அவற்றுள் சிலவற்றில் சேர்க்கப்படும் பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013ஆம் ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாட்டா எனும் சர்வதேச உடன்படிக்கை அத்தகைய அழகுசாதனங்களை ஒழிக்கக் கோருகிறது; இலங்கையும் அதில் இணைந்த நாடு. எந்த வயதுப் பெண்கள், எந்தத் திருமணத்துக்கு முன்னர், யார் சொல்லி இவற்றைக் கேட்டு வருகிறார்கள் என்பது அழகு நிலையத்தில் நிற்கும் உங்களுக்குத் தெரிந்த அளவுக்குக் கொழும்பு எழுத்தாளர்களுக்குத் தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் நம்பிச் சொன்னதை அவருடைய சம்மதமின்றி எழுத வேண்டாம்.

பதில்: கண்டியிலிருந்து ஒரு சுயாதீன எழுத்தாளர்

படிப்பைப் பொறுத்தவரை, கொழும்பிலுள்ள இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமாவைத் தமிழிலும் கற்கலாம். வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன்: தமிழில் மட்டும் எழுதி என்னால் வாடகை கட்ட முடியவில்லை. ஆங்கிலத்திலும் எழுதத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. ஆகவே அழகு நிலைய வேலையை இப்போதைக்கு விட வேண்டாம்.

மாதச் சஞ்சிகைகள் பல வாரங்களுக்கு, சில வேளைகளில் மாதங்களுக்கு முன்னரே திட்டமிடப்படுவதால், தீபாவளிச் சேலைகளைப் பற்றிய கட்டுரைக்கான யோசனையை ஆடி மாதத்திலேயே அனுப்பிவிட வேண்டும். ஐப்பசியில் அனுப்பிப் பயனில்லை.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு நிறுவனம் இலவசமாக அனுப்பிய முகப்பூச்சை, இரண்டே நாட்கள் பூசிப் பார்த்துவிட்டுப் புகழ்ந்து எழுதினேன். அதை நம்பி வாங்கிய வாசகி ஒருவர், முகமெல்லாம் தடித்துப்போன படத்தை எனக்கு அனுப்பினார். அன்று முதல் இலவசமாக வந்த பொருளென்றால் அதைக் கட்டுரையிலேயே தெரிவிக்கிறேன். எத்தனை நாட்கள் பயன்படுத்தினேன் என்பதையும் எழுதுகிறேன்.

பதில்: பதுளை ஆசிரியை

ஆடை பற்றி எவரும் பேசவில்லையே! கண்டிக்கு அருகில் தும்பறை எனும் பாரம்பரியக் கைநெசவு நடக்கிறது. நம் தோட்டங்களிலோ, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் படங்கு எனும் தடித்த விரிப்பைக் கட்டும் முறையையும், பாட்டிமார் கையில் குத்திய பச்சையையும், இரு பக்க மூக்குத்தியையும் விவரமாக எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பாட்டிமார் இருக்கும்போதே போய்க் கேளுங்கள், மகள்.

ஹட்டன் வாசகி

அனைவருக்கும் நன்றி. மங்கு பற்றிய கட்டுரையையே முதலில் எழுதப் போகிறேன். அம்மாவுடன் வேலை செய்பவர்களைப் படம் எடுப்பதானால், வாய்மொழிச் சம்மதம் போதுமா?

பண்டாரவளை அக்கா

எழுத்தில் வாங்குவதே நல்லது. வாசிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, படம் எந்தப் பத்திரிகையில், எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பதையும் சொல்லிவிட்டுக் கையொப்பம் பெறுங்கள். வெளிவந்த பிரதியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள்.