லாம்டா: இன்ட் இருந்தும் புரோஃபேஜ் கழன்று வரவில்லை, ஏன்?

கேள்வி
லாம்டா ஃபேஜ் என்ற பாக்டீரியா வைரஸ் தன் டிஎன்ஏவை ஈ.கோலையின் டிஎன்ஏவில் ஒட்டவைத்து புரோஃபேஜாக இருக்கும்; ஒட்டும் என்சைம் இன்ட். என்னிடம் இருப்பது சிஐ857 (30 டிகிரியில் ஃபேஜை அடக்கிவைத்து, 42-ல் செயலிழக்கும் புரதம்) புரோஃபேஜ் உள்ள ஈ.கோலை, கூடவே இன்ட் மரபணு வைத்த பிளாஸ்மிட். 30 டிகிரியில் இன்ட் நிறையவே உருவாகிறது, புரோஃபேஜ் அசையவில்லை. ஒட்டிய என்சைமே கழற்றவும் வேண்டாமா? இன்னொரு சந்தேகம்: ஃபேஜில் இன்ட், சிஸ் மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. தொற்றும்போது மட்டும் சிஸ் இல்லாமல் இன்ட் எப்படி வருகிறது?

பதில் 1
வெட்டி ஒட்டுவது இரண்டு முறையும் இன்ட்தான். திசையைத் தீர்மானிப்பது கூட நிற்கும் புரதம். நுழைய இன்ட்டும் செல்லின் ஐஎச்எஃப் புரதமும் போதும். வெளியேற சிஸ்ஸும் வேண்டும். வெறும் 72 அமினோ அமிலம்தான். ஆனால் அட்-ஆர் சந்தியில் (புரோஃபேஜும் பாக்டீரியா டிஎன்ஏவும் சேரும் ஒரு முனை) டிஎன்ஏவை வளைத்து இன்ட்டை அங்கே உட்காரவைக்கிறது, மறுபடி நுழைவதையும் தடுக்கிறது. சிஸ் இல்லாவிட்டால் எவ்வளவு இன்ட் கொட்டினாலும் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது. பிளாஸ்மிடில் சிஸ்ஸையும் சேருங்கள். செல்லின் புரோட்டியேஸ்கள் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும் என்பதால், கழற்றும் நேரத்தில் உற்பத்தி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பதில் 2
இரண்டாவது சந்தேகத்துக்கு விடை ஆர்என்ஏவின் வாலில் இருக்கிறது. தொற்றியதும் ஃபேஜின் சிஐஐ புரதம் தூண்டும் பிஐ புரோமோட்டர் (ஆர்என்ஏ தொடங்கும் இடம்) சிஸ் மரபணுவுக்குள்ளேயே கிடக்கிறது. அங்கே தொடங்கும் ஆர்என்ஏவில் இன்ட் முழுசாக இருக்கும், சிஸ் இருக்காது.

பிஎல் புரோமோட்டரின் நீளமான ஆர்என்ஏவில் இரண்டுமே உண்டு. ஆனால் ஃபேஜின் 'என்' (N) புரதத்தின் உதவியால் அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், அட் தளத்தையும் (ஃபேஜ் டிஎன்ஏ வெட்டி ஒட்டப்படும் இடம்) தாண்டி சிப் என்ற பகுதிவரை போய்விடும். அங்கே அது மடிந்துகொள்ள, ஆர்என்ஏஸ் 3 என்ற செல்லின் என்சைம் வெட்டுகிறது. வெட்டிய முனையிலிருந்து பின்னோக்கி இன்ட் பகுதி அரிக்கப்படுகிறது.

புரோஃபேஜ் ஆனபின் கதை வேறு. இன்ட்டுக்கும் சிப்புக்கும் நடுவேதான் அட் தளம். அங்கே வெட்டி ஒட்டியதால் சிப் புரோஃபேஜின் மறுமுனைக்குப் போய்விட்டது. தூண்டினால் (அடக்கி செயலிழந்தால்) அதே பிஎல் ஆர்என்ஏ பிழைத்து, இன்ட், சிஸ் இரண்டையும் தருகிறது. தனி சுவிட்சே இல்லை, மரபணு வரிசை மாறியதுதான் சுவிட்ச்!

பதில் 3
கழற்றுவது மட்டும் நோக்கமென்றால் பிளாஸ்மிடே வேண்டாம். 42 டிகிரியில் ஏறத்தாழ 5 நிமிடம், உடனே மறுபடி 30. புரோஃபேஜின் சொந்த இன்ட், சிஸ் வந்துவிடும். குளிர்ந்ததும் சிஐ857 அடக்கி பழைய நிலைக்குத் திரும்பும். நேரம் நீண்டால் ஃபேஜ் பெருகி செல்லைக் கொன்றுவிடும்.

கழன்றதா என்று பார்க்க, பிசிஆரில் புரோஃபேஜின் இருபுறமும் உள்ள பாக்டீரியா மரபணுக்களான கேல் பக்கம் ஒன்று, பயோ பக்கம் ஒன்று என பிரைமர் வையுங்கள். இடையில் 48 ஆயிரம் பேஸ் இருக்கும்வரை பேண்ட் வராது, காலியானால் சின்ன பேண்ட் வரும். ஃபேஜ் அட் தளத்தின் பேண்டை நம்பாதீர்கள், கல்ச்சரில் மிதக்கும் ஃபேஜும் அதைக் கொடுக்கும். சூடாக்குமுன் எடுத்த மாதிரியும் ஜெல்லில் ஓடட்டும், தானாகவே கழன்ற செல்கள் எப்போதும் சில இருக்கும்.

42 டிகிரியில் வளரும் காலனி என்பதால் மட்டும் கழன்றது என்று எழுதிவிடாதீர்கள். மியூட்டேஷனால் செத்த புரோஃபேஜும் அப்படியே வளரவிடும்.