வேலையை மாற்றும் எண்ணம் தேவனின் அழைப்புதானா?

கேள்வி: கணக்காளர் பணியை விட்டுச் செவிலியர் பயிற்சியில் சேரும் எண்ணம் என்னை விடவே இல்லை. இது தேவனின் அழைப்பா, வெறும் அலுப்பா என்று எவ்வாறு அறிவது?

பதில் 1: சகோதரி, அழைப்பு எப்படி வரும் என்பதற்கு மருத்துவ மிஷனரி ஐடா ஸ்கடரின் வாழ்வைப் பாருங்கள். மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தும் அந்தப் பணியே வேண்டாமென்றிருந்த அவர், நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஆண் மருத்துவர் பிரசவம் பார்ப்பதை ஏற்காத மூன்று வீடுகளிலும் ஒரே இரவில் பெண்கள் இறந்ததைக் கண்டு மனம் மாறினார். 1899இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று வேலூருக்கு வந்தவர், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார்.

பதில் 2: ஐயா, ஐடாவின் அழைப்புக்கு வழியான அந்த மரணங்களையே தேவனின் திட்டம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அவற்றுக்கு ஐடா அளித்த மறுமொழியில்தான் நோக்கம் தெரிகிறது.

பதில் 3: ராஜினாமா செய்யும் முன், சகோதரி, முதியோர் இல்லத்தில் படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பவர்களுக்குச் சில வாரங்கள் உதவுங்கள், அந்த வாடைக்குப் பிறகும் விருப்பம் நிலைக்கிறதா என்று பாருங்கள்.