லயத்து வீட்டுக்குள் படமெடுக்க யோசனை சொல்லுங்கள்
மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்களை அவர்கள் லயத்து வீட்டிலேயே (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) வைத்து போர்ட்ரெய்ட் எடுக்கிறேன். 2015 போனஸ் போராட்டத்தில் ரோட்டில் உட்கார்ந்தவர்களும் இதில் உண்டு.

சிக்கல் வெளிச்சம்தான். ஒரே ஜன்னல், அடுப்புப் புகை படிந்த சுவர். 50 எம்எம் லென்ஸில் துளையை 1.8 வரை திறந்து வைத்தும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-ஐத் தாண்டுகிறது; தேயிலைக் கறை ஏறிய விரல் வெடிப்பெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்துவிடுகிறது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், போலீஸ் ஸ்டேஷன் போட்டோ மாதிரி ஆகிவிடும். வெள்ளைத் தெர்மாகோல் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

அப்புறம், "படம் எடுக்கறவங்க யாரும் திரும்ப வந்து காட்டுனதில்ல தம்பி" என்றார் ஒரு அக்கா. நியாயம்தானே. எல்லோருக்கும் பிரிண்ட் கொடுக்கப் போகிறேன். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத தாள் எது? போடி, தேனி பக்கம் யார் நன்றாகப் போட்டுத் தருவார்கள்?