வேண்டாத பிளக் பாயிண்டை எடுத்தபோது நேர்ந்தவை: அனுபவப் பகிர்வு

பதிவு 1

அலமாரி வைக்க இடைஞ்சலாக இருந்த பாயிண்டை எடுக்க எலக்ட்ரீஷியனை அழைத்தோம். மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கினார். விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்றுவிட்டன. சாக்கெட்டைக் கழற்றியவர் ஒயரைத் தொடுவதற்கு முன் வோல்டேஜ் அளக்கும் மீட்டரை வைத்தார். 220 வோல்ட்டுக்கு மேல் காட்டியது! அறையே இருட்டாகக் கிடக்கிறது, அந்த ஒரு பாயிண்டில் மட்டும் மின்சாரம். இன்வெர்ட்டரிலிருந்து வந்த தனி லைன் அது. மெயினை இறக்கினாலும் பேட்டரி அதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அவர் விரலுக்கும் அந்தச் செம்புக் கம்பிக்கும் இடையே இருந்த சிறு இடைவெளி இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. உங்கள் வீடுகளில் இப்படி நடந்திருக்கிறதா?

பதிவு 2

எங்களுக்கு நடந்தது வேறு. சமையலறையில் டைல்ஸ் ஒட்ட வந்தவரே பாயிண்டையும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஒயர்களை வெட்டி, ஒவ்வொரு முனைக்கும் டேப் சுற்றி உள்ளே தள்ளி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். அன்று இரவு பக்கத்து அறையில் இருந்த வாஷிங் மெஷின் ஓடவில்லை. அந்தப் பெட்டிக்குள் வந்த லைன்தான் அங்கிருந்து அடுத்த பாயிண்டுக்கும் போயிருக்கிறது. பசை முழுதாகக் காய்வதற்குள் புது டைல்ஸை உடைத்து எடுக்க வேண்டியதாயிற்று. அம்மா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

பதிவு 3

முதல் பதிவு போட்ட நண்பரே, அவர் மீட்டர் வைத்தார், அதனால் தப்பித்தார். என் மாமா கையில் இருந்தது சிறிய டெஸ்டர். அது எரியவில்லை என்றதும் ஒயரைப் பிடிக்கப் போனார். அத்தை தடுத்து, அதை வேறொரு பாயிண்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் எரியவில்லை. உள்ளே இருந்த பல்பே போயிருந்தது.

அதனால் சொல்கிறேன். எந்தக் கருவியானாலும், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் பாருங்கள். அதன் பின் மறுபடியும் முதல் இடத்தில் பாருங்கள். மின்சாரம் வரும் ஒயர் ஃபேஸ், அது திரும்பிப் போகும் ஒயர் நியூட்ரல், கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் ஒயர் எர்த். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே என்று மூன்றையும் அளக்க வேண்டும். காய்ந்த மர ஏணியில் நின்றால் டெஸ்டர் மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாது. எங்கோ நியூட்ரல் அறுந்திருந்தால் நியூட்ரல் ஒயரிலும் எரியும். எம்.சி.பி.யை இறக்கியதும் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள், வீட்டில் யாராவது "கரண்ட் போய்விட்டதே" என்று ஏற்றிவிடுவார்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று துணியாதீர்கள். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அது காப்பாற்றாது. கடைசியாக, ஒயர்களை அதற்குரிய கனெக்டரில் இணைத்து, பெட்டியைத் துளையில்லாத வெறும் மூடித் தட்டால் மூடுங்கள். இணைப்பின் மேல் பூச்சு பூசவே கூடாது.

பதிவு 4

மேலே எழுதியவர் சொன்னதில் கடைசிப் பகுதியோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பாயிண்டோடு லைன் முடிகிறது என்றால் எதற்காகத் தட்டுப் போட்டு மூட வேண்டும்? முந்தைய பெட்டியிலேயே ஒயரைக் கழற்றிவிடலாமே. மின்சாரம் ஓடும் ஒயரைச் சுவருக்குள் வீணாக விட்டுவைத்தால், நாளை யாராவது படம் மாட்ட ஆணி அடிப்பார்கள்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். கூடத்தில் பாயிண்டை எடுத்தவர் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒழுங்காக இணைத்துவிட்டு, எர்த்துக்கான பச்சை ஒயரை மட்டும் மடக்கி உள்ளே தள்ளிவிட்டார். அதற்கடுத்த பாயிண்டுகள் எல்லாம் வழக்கம்போல வேலை செய்தன. எர்த் இல்லை என்பதை எது காட்டிக்கொடுக்கும்? குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறக்கப் போன மகள் "சுரீர் என்கிறது அம்மா" என்று கையை உதறினாள். ஈரக்கையோடு தொட்டிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. வேலை முடிந்ததும் மீதிப் பாயிண்டுகளில் எர்த் வருகிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கூலி கொடுங்கள்.

பதிவு 5

எங்கள் பழைய வீட்டில் அலுமினிய ஒயர். வந்தவர் அதைச் செம்பு ஒயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார். சில மாதம் கழித்து அந்தப் பெட்டியை மூடியிருந்த தட்டு சூடாக இருந்தது. கழற்றியபோது டேப் கருகி உதிர்ந்தது.

பதிவு 3 (மறுமொழி)

நான்காம் பதிவு எழுதிய சகோதரிக்கு: லைன் அங்கேயே முடிகிறது என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் சொன்னது நடுவில் உள்ள பாயிண்டுக்கு. அது எந்த வகை என்பதைப் பெட்டிக்குள் எத்தனை ஒயர் வருகிறது என்று பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும்.

பதிவு 1 (மறுமொழி)

எங்களுடையது நடுவில் உள்ளதுதான், இன்வெர்ட்டர் லைன் அங்கிருந்து மாடிப்படி விளக்குக்குப் போகிறது. தட்டுப் போட்டு மூடியிருக்கிறார். எர்த் அளந்தாரா என்று கேட்கவில்லை. நாளைக் காலையில் அவரை வரச் சொல்லியிருக்கிறேன்.