மறு: சேமிப்பகக் கையேடு – லாக் என்பதற்குப் பதிவா, பதிகையா, சம்பவத் திரட்டா?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது, நான் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பயிற்சிக் கையேடு இது. சேமிப்பக சர்வரில் கோளாறு வந்தால், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், கட்டளை வரியிலிருந்து லாக்குகளை, அதாவது என்ன நடந்தது என்று கணினி நேரத்தோடு குறித்து வைப்பவற்றை, எப்படித் திரட்டுவது என்பது நான்காம் அத்தியாயம். டிமெசெஜ் என்ற கட்டளை காட்டுவதெல்லாம் இயங்குதளத்தின் மையமான கர்னல் நினைவகத்தில் வைத்திருப்பது, ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். ஜர்னல் என்ற பொது லாக்கை வட்டில் எழுதும்படி அமைக்காத சர்வரில், அதைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல் கட்டளை தருவதும் அப்படித்தான். வட்டின் நிலையைக் கேட்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் பிழைக் கணக்கு வட்டுக்குள்ளேயே இருப்பதால் அது தப்பும். ஆகவே எதை முதலில் எடுப்பது என்ற வரிசைதான் அந்த அத்தியாயத்தின் உயிர்.

லாக் என்று வந்த இடமெல்லாம் 'பதிவு' என்று போட்டிருந்தேன். போன வாரம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தபோது ஒரு மாணவன் 'பதிவுகளைத் திரட்டவும்' என்ற வரியைப் படித்துவிட்டு, சேமிப்பகத்தில் இருந்த கோப்புகளையே டார் கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டத் தொடங்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, சேமித்து வைத்ததும் பதிவுதானே! என்ன சொல் போடலாம்?

* * *

அன்புள்ள தம்பி,

விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. பதிகை. தமிழ் விக்கிப்பீடியாவில் புகுபதிகை, விடுபதிகை என்று எழுதிப் பழகிய சொல். பதி என்னும் வினையோடு 'கை' விகுதி, வருகை, செய்கை, சேர்க்கை போல. பதிகைக்கோப்பு, பதிகைச்சுழற்சி, பிழைப்பதிகை என்று கூட்டுச்சொல்லுக்கும் வளையும். தேவாரப் பதிகத்தோடு குழம்புமே என்று யாரும் கிளம்ப வேண்டாம், சர்வர் அறையில் யாரும் பதிகம் பாடப்போவதில்லை.

லாக் என்பதன் வரலாற்றையும் பாருங்கள். கயிற்றில் முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்தில் எத்தனை முடிச்சு கையைத் தாண்டி ஓடுகிறதோ அதுதான் கப்பலின் வேகம். அதை எழுதி வைத்த புத்தகத்துக்கே கட்டையின் பெயர் வந்துவிட்டது. நம்மிடமும் கட்டை தூரத்துக்கு ஆகிவந்திருக்கிறது, மைல்கட்டை.

இன்னொன்று. 'கட்டளை வரி' என்று எழுதியிருக்கிறீர்கள், மிகச் சரி, ஆணை வரி என்று மாற்றிவிடாதீர்கள். கட்டளைக்கு அளவு, வரையறை என்ற பொருளும் உண்டு. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசைக்கு 17. ஓர் எழுத்து கூடினாலும் பாட்டு கெட்டது. நீங்கள் தட்டச்சும் வரியும் அப்படித்தானே?

* * *

ஐயா, கட்டை என்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. இலங்கையில் 'ரெண்டு கட்டை தூரம்' என்றால் இரண்டு மைல், இன்றைக்கும் வயதானவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள்.

ஆனால் பதிகை வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடங்களில் அதிபரின் மேசையில் ஒரு புத்தகம் இருக்கும், என்ன நடந்தாலும் நாளும் நேரமும் போட்டு அதில் எழுதுவார்கள். அதன் பெயர் சம்பவத் திரட்டு. லாக் செய்கிற வேலையும் அதேதான், என்ன நடந்தது, எப்போது நடந்தது. புதிதாக ஒன்று சமைக்க என்ன தேவை? நீளம் என்றால் இடாப்பு இருக்கிறது. வாக்காளர் இடாப்பு என்று அரசாங்கமே எழுதுகிறது. தமிழ் வேர் இல்லை என்பீர்கள், ஆனால் ஊரில் எல்லாருக்கும் விளங்கும்.

* * *

தம்பி, இடாப்பு பெயர்களின் பட்டியல். நிகழ்ச்சிகளுக்கு ஆகாது. சம்பவம் வடசொல், 'நிகழ்வுத் திரட்டு' என்றால் ஒப்புக்கொள்வேன்.

* * *

நான் பதினைந்து வருடமாக ஸ்டோரேஜ் வேலையில் இருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு வட்டு செத்துப்போய் போன் வந்தால் யாரும் பதிகை எடு என்று சொல்லமாட்டார்கள், லாக் எடு என்றுதான் சொல்லுவார்கள். மாணவன் நாளைக்கு அந்த அறைக்குத்தான் வரப்போகிறான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை யாருமே தொடவில்லை. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில், வட்டுகளின் நிலையைக் காட்டும் இசட்பூல் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தால் சில சர்வர்களில் 'லாக்ஸ்' என்ற தலைப்பின் கீழ் ஒரு எஸ்எஸ்டி, அதாவது வேகமான சில்லு வட்டு, தெரியும். அது பழுதறியும் லாக் இல்லவே இல்லை. உடனே எழுதியாக வேண்டிய தரவை முதலில் அங்கே குறித்துக்கொள்கிறது, மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் அதிலிருந்து படித்து விட்டதைச் சரிசெய்கிறது. இரண்டுக்கும் பதிகை என்று போட்டால், 'திரட்டி அனுப்பியபின் பழைய பதிகைகளை நீக்கலாம்' என்ற உங்கள் கையேட்டு வரியைப் படித்த பையன் அந்த எஸ்எஸ்டியின் மேல் கை வைப்பான். எந்தச் சொல்லானாலும் சரி, இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

* * *

ஐயா சொன்ன சொல்லை ஒரு வகுப்பிலும், நிகழ்வுத் திரட்டை இன்னொரு வகுப்பிலும் நேற்று சொல்லிப் பார்த்தேன். பதிகையை இரண்டாவது முறையே அவர்களாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நிகழ்வுத் திரட்டு என்றதும் ஒரு மாணவி, 'திரட்டைத் திரட்டவும் என்று வருமா சார்?' என்று கேட்டாள். நியாயமான கேள்வி, எனக்குத்தான் தோன்றவில்லை.

ஸ்டோரேஜ் அண்ணன் சொன்னதைப் படித்தபிறகு எழுந்து போய் நான்காம் அத்தியாயத்தை முழுக்க மறுபடி படித்தேன். பழுதறி பதிகை என்பது கோளாறைத் தேட. எஸ்எஸ்டியில் இருப்பதற்கு 'முன்னெழுத்து' என்று வைத்திருக்கிறேன், முன்பதிவு என்று வைத்தால் ரயில் டிக்கெட் ஞாபகம் வரும். இரண்டுக்கும் முதல் இடத்தில் பக்கத்திலேயே லாக் என்றும் எழுதுகிறேன். நீக்கலாம் என்ற வரியை எடுத்தே விட்டேன். ஆறு பேரில் நான்கு பேர் பதிகைக்குச் சரி என்றார்கள், நேரமும் இல்லை, இதோடு அனுப்புகிறேன்.

* * *

முன்னெழுத்து என்றால் எங்களுக்குப் பெயருக்கு முன்னால் போடும் எழுத்து, இனிஷல். மாற்றுங்கள் தம்பி, வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே. சம்பவத் திரட்டை நான் இன்னும் விடவில்லை.