ப்ளீக்லோ மலையில் விழுந்த விமானமும் எங்கள் ஐயாவும்

எங்கள் ஊர் கானாடுகாத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட விமான ஓடுதளம், பக்கத்தில் செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் இன்னும் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பத்தா சொன்னதுதான் நினைவுக்கு வரும். 1941 டிசம்பரில் பர்மாவின் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, கொடுக்கல் வாங்கலையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர் எங்கள் ஐயா, அப்பாவின் அப்பா. வந்த பிறகும் விமானச் சத்தம் கேட்டால் முகப்பிலிருந்து எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போய்விடுவாராம். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லையாம்.

மகள் மான்செஸ்டரில் இருக்கிறாள். போன அக்டோபரில் அங்கே இருந்தபோது மாப்பிள்ளைதான், "மாமா, விமானம் விழுந்த மலை ஒன்று பக்கத்தில் இருக்கு, ப்ளீக்லோன்னு பேரு, மெதுவா நடந்து போய் வரலாமா?" என்று கேட்டார். பேரனும் ஒட்டிக்கொண்டான்.

ஸ்னேக் பாஸ் என்ற மலைச் சாலையின் உச்சியில் காரை விட்டுவிட்டு, பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் ஏறினோம். முதலில் கல் பாவிய பாதை, சிரமமில்லை. அப்புறம் கரிய சதுப்பு மண். நம் செம்மண்ணில் நடந்து பழகிய காலுக்கு அது வேறு உலகம். மேலே காய்ந்தது போல் இருக்கும், மிதித்தால் கணுக்காலுக்கு மேல் உள்ளே இழுக்கும். மரமே கிடையாது. மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. போகிறவர்கள் வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், செல்போனை மட்டும் நம்ப வேண்டாம்.

621 மீட்டர் உயரமுள்ள ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் என்ற உச்சியின் பக்கத்தில், விமானம் சிதறிக் கிடக்கும் இடத்துக்குப் போனதும் பேச்சு தானாக நின்றுவிட்டது. அமெரிக்க பி-29 விமானம் அது. 1946-இல் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனையைப் படமெடுத்தது. 1948 நவம்பர் 3 அன்று இங்கிலாந்திலேயே ஸ்காம்ப்டன் விமானத் தளத்திலிருந்து பர்டன்வுட் தளத்துக்குக் கிளம்பியது. அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. மேகத்துக்குள் மலை தெரியாமல் மோதி, உள்ளே இருந்த 13 பேரும் இறந்துபோனார்கள். பெரிய எஞ்சின்கள் பாதி மண்ணில் புதைந்து கிடக்கின்றன. சக்கரம் தாங்கிய இரும்புக்கால் வானத்தைப் பார்த்து நிற்கிறது. அலுமினியத் தகட்டில் ஆணி வரிசை இன்னும் நேராக, நேற்று அடித்தது போல இருக்கிறது. அதைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானி கேப்டன் டானரின் கல்யாண மோதிரம் பல வருஷம் கழித்து இந்த மண்ணில்தான் கிடைத்ததாம்.

நினைவுக்கல் அருகே ஒரு பெரியவர், எண்பது வயதிருக்கும், சிவப்புப் பூ ஒட்டிய சின்ன மரச் சிலுவையை ஊன்றிக்கொண்டிருந்தார். பேரன் அதற்குள் உள்ளங்கை அளவு தகடு ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டான். பெரியவர் பார்த்தார். திட்டவில்லை, கையை மட்டும் நீட்டினார். பையன் கொடுத்ததும், அது கிடந்த குழியைத் தேடி, மண் தடம் பொருந்தும்படி திரும்ப வைத்தார். பிறகு என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். ஓடுதளத்தைப் பற்றியும் ஐயாவைப் பற்றியும் சொன்னேன். "உங்கள் தாத்தா எத்தனை நாள் நடந்தார்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எந்த வழியாக வந்தார், கூட யார் வந்தார்கள், வழியில் யாரை விட்டுவிட்டு வந்தார், எதையும் நான் அப்பத்தாவிடம் கேட்டு வைக்கவில்லை. இறங்கும்போது முழுக்க அதே நினைப்புதான்.

ஊருக்கு வந்ததிலிருந்து தொண்ணூறைத் தாண்டியவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் இருந்தால், ஒரு வரி தெரிந்தாலும் சரி, சொல்லுங்கள்.