தண்டுவடக் காயம்: வீட்டுப் பராமரிப்பை எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

கோத்தகிரி பிசியோ:
எஸ்டேட் லைன் வீடுகளில் தண்டுவடம் அடிபட்டவர்களைப் பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த புத்தகம் பீரோ மேலேயே கிடக்கிறது. அச்சா, வீடியோவா, நேரில் செய்து காட்டுவதா, எது ஒட்டும்?

குன்னூர் நர்ஸ்:
மூன்றும் வேணும் சார், ஆனா வேற வேற வேலைக்கு. கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போடுறதைக் காகிதத்தில் கற்றுக்க முடியாது. ஒருமுறை செய்து காட்டுங்க, அப்புறம் நோயாளியையே போடச் சொல்லிப் பாருங்க. "புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லோரும் தலையாட்டுவாங்க. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போடணும். வர்ற சிறுநீரை அளந்து பார்த்து 500 மில்லியைத் தாண்டினா இடைவெளியைக் குறைக்கணும். குளிர்ல தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுடுவாங்க, சிறுநீர்த்தொற்று அப்படியும் வருது.

வீடியோவை அவர் போன்லயே, அவர் கட்டில்லயே எடுங்க. சிக்னல் இல்லாட்டியும் ஓடும்.

படுக்கைப் புண்ணுக்கும் அதே போன் போதும். தினமும் இரவு பிட்டத்தையும் வால் எலும்பையும் படம் எடுத்து அவரிடமே காட்டணும். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கான்னு புறங்கையால தொட்டுப் பார்க்கக் கற்றுக் கொடுங்க. இருந்தா, சரியாகும்வரை அந்தப் பக்கம் பாரம் கூடாது.

ஊட்டி மறுவாழ்வு மையம்:
அச்சில் வேண்டியது ஒரே ஓர் அட்டை, பர்ஸில் வைக்க. மார்பு 6ஆம் முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீர்னு மண்டை பிளக்கும் வலியும் முகத்தில் வியர்வையும் வந்தா (பிபி எகிறும் அறிகுறி), நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, கதீட்டர் குழாய் மடங்கியிருக்கான்னு பார்க்கணும். குறையாவிட்டால் 108. அவருடைய வழக்கமான பிபியையும் அதில் எழுதுங்க. மேல் அளவு வழக்கமா 100 இருப்பவருக்கு 140 ஆபத்து. அட்டை இல்லைன்னா டிஸ்பென்சரியில் "நார்மல்"னு அனுப்பிடுவாங்க.

இன்னொன்று, நம்ம ஊருக்கே உரியது: உணர்ச்சியில்லாத காலில் சுடுதண்ணிப் பை, கணப்பு அடுப்பு ரெண்டும் கூடாது. வெந்தாலும் தெரியாது. கம்பளி, காலுறை போதும்.

கோத்தகிரி பிசியோ:
நன்றி. ஒரே நாளில் எல்லாம் சொல்லிடலாமா?

குன்னூர் நர்ஸ்:
வேண்டாம். முதல் வாரங்களில் "நடப்பேனா" என்பது மட்டும்தான் அவர் காதில் விழும். ஒரு நாளைக்கு ஒரு வேலை. தாம்பத்தியம், குழந்தை பற்றி மனைவியோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது கேட்க மாட்டார். பத்து நிமிஷம் தனியாக உட்காருங்க, நீங்களே பேச்சை எடுங்க.